சில்லிக்கும் ஸ்டுபிட்டுக்கும் நடுவில்

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. காதல் வசனம், சண்டை வசனம், சாவு வீட்டு வசனம் எல்லாவற்றையும் எப்படியோ கரையேற்றிவிடலாம். என்னை நெடுநேரம் உட்கார வைப்பது முட்டாள்தனம்தான். ஆங்கிலத்தில் அதற்கு அத்தனை சொற்கள் இருக்கின்றன. சில்லி, ஃபூலிஷ், ஸ்டுபிட், டம்ப், டாஃப்ட், அப்சர்ட், ரிடிகுலஸ், இடியாட்டிக் என்று போய்க்கொண்டே இருக்கும். சாதாரண அகராதியைத் திறந்தால் பாதிக்கு மேல் 'முட்டாள்தனமான' என்றே பொருள் போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்து வைத்தால், பேத்தியைக் கொஞ்சுகிற பாட்டியும் வேலைக்காரரை அவமானப்படுத்துகிற முதலாளியும் திரையில் ஒரே சொல்லைப் பேசுவார்கள்.

என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் இதற்கு ஒரு ஏணி வைத்திருந்தார். "சில்லின்னா கொஞ்சம், ஃபூலிஷ்னா நடுத்தரம், ஸ்டுபிட்னா அதிகம், இடியட்னா உச்சம். சரியா அக்கா?" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இந்த ஏணியில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு முட்டாள்தனம் என்பதைவிட, அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதுதான் உதவுகிறது. செய்த காரியத்தின் மேல் விழுகிறதா, செய்த ஆளின் மேல் விழுகிறதா, அந்த ஆள் பிறந்தபோதே கொண்டுவந்த மூளையின் மேல் விழுகிறதா? அப்புறம் இன்னொன்று: சொல்பவர் சிரித்துக்கொண்டு சொல்கிறாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறாரா?

முதலில் சில்லி. எனக்கு மிகவும் பிடித்த சொல். விருந்துக்கு வந்தவர் "பாத்திரம் கழுவித் தரட்டுமா?" என்கிறார். வீட்டுக்காரி "டோன்ட் பி சில்லி" என்கிறாள். இங்கே முட்டாள்தனத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 'அட, சும்மா உட்காருங்க' என்பதுதான் பொருள். ஒரு பெண் அழுதுகொண்டே "உனக்குப் பாரமாகிவிட்டேன்" என்கிறாள், தோழியும் இதையே சொல்கிறாள். அங்கே 'என்ன பேச்சு இது' என்று ஆகும். இந்த இரண்டு இடத்திலும் சில்லியை எடுத்துவிட்டு ஸ்டுபிட்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விருந்தாளி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏணியில் ஒரு படி ஏறியதால் வந்த மாற்றமாக எனக்கு இது தெரியவில்லை. பேச்சின் முகமே மாறிவிட்டது.

இந்த மென்மை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு 'ஆசி பெற்ற', 'மகிழ்ச்சியான' என்று பொருள். அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல்லான சேலிக் இன்றும் பேரின்பம் பெற்றவரைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆசி பெற்றவர் கபடமில்லாதவர் ஆனார். கபடமில்லாதவர் பாவப்பட்டவர் ஆனார், பிறகு பலவீனமானவர், கடைசியில் புத்தி போதாதவர். நல்லவரைப் பார்த்து 'பாவம், ஒன்றும் தெரியாது' என்று உச்சுக்கொட்டி உச்சுக்கொட்டியே அந்தச் சொல்லைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் மொழியிலும் இது நடந்திருக்கிறது. பெண்ணின் ஏழு பருவங்களில் பேதை என்பது ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி. அந்தப் பிள்ளைமையில் குற்றம் ஒன்றும் இல்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற வரிசையில் மடத்தை ஒரு நற்குணமாகவே வைத்தார்கள். அதே மடம் மடத்தனமாகவும் ஆயிற்று. பெண் ஒன்றும் அறியாமல் இருப்பதே அழகு என்று வைத்த அந்த வரிசை எனக்கு ஏற்புடையதில்லை. ஆனால் கள்ளமின்மையும் அறிவின்மையும் எப்படிப் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகக் கருதப்பட்டன என்பதற்கு அது நல்ல சாட்சி.

சில்லிக்கு எதிர்த்திசையில் பயணம் போன சொல் நைஸ். லத்தீனில் அதன் மூலத்துக்கு 'அறியாத' என்று பொருள். ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். பிறகு அற்பமான, நுணுக்கம் பார்க்கிற, துல்லியமான என்று பல பொருள்களைக் கடந்து இன்றைய இனிமைக்கு வந்து சேர்ந்தது. ஃபாண்ட் என்பதும் அப்படித்தான். முதலில் முட்டாளான, பிறகு முட்டாள்தனமாக அன்பு வைக்கிற, இப்போது வெறும் அன்பு. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் தன்னையே 'ஃபூலிஷ், ஃபாண்ட் ஓல்ட் மேன்' என்று சொல்லிக்கொள்ளும்போது அந்த ஃபாண்ட் பழைய பொருளில் நிற்கிறது. பாசமுள்ள கிழவன் என்று அதை மொழிபெயர்த்தால், புத்தி தடுமாறியவனாகத் தன்னை உணரும் கிழவனின் வலி பாதி போய்விடும். 'ஃபாண்ட் ஹோப்' என்ற தொடரில் இன்றும் அந்தப் பழைய சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீண் நம்பிக்கை என்பதுதான் அதன் பொருள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சில்லியும் தெரியும். சில்லி பாயிண்ட், சில்லி மிட் ஆன், சில்லி மிட் ஆஃப். பேட்ஸ்மேனுக்குச் சில அடி தூரத்தில், கண்ணை இமைத்தால் பந்து முகத்தில் என்கிற இடத்தில் ஒருவர் குனிந்து நிற்பார். இவ்வளவு கிட்டத்தில் போய் நிற்பது புத்திசாலித்தனமா என்ற கேள்வியே இடத்தின் பெயராகிவிட்டது. அங்கே நிற்பவரை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. சுழற்பந்து வீசும்போது அணியின் துணிச்சலான ஆளைத்தான் அங்கே நிறுத்துவார்கள். ஆபத்தை வேண்டுமென்றே நெருங்கும் செயலைப் பார்த்து அன்பாகத் தலையில் குட்டும் சொல் அது. துணிச்சலும் அசட்டுத்தனமும் கலந்த இன்னொரு சொல் ஃபூல்ஹார்டி. அதில் குட்டு மட்டும்தான் உண்டு, அன்பு கிடையாது. 'அசட்டுத் துணிச்சல்' அதற்கு மிகப் பொருத்தமான தமிழ்.

இனி ஃபூலிஷும் ஸ்டுபிட்டும். இவற்றைப் பிரித்துக்காட்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி, உயிரில்லாத பொருளை வைத்துப் பார்ப்பது. கதவு திறக்கவில்லை, பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டது. ஆங்கிலம் பேசுபவர் "ஸ்டுபிட் பிரிண்டர்!" என்பார். ஃபூலிஷ் பிரிண்டர் என்று யாரும் சொல்வதில்லை. ஃபூலிஷாக இருப்பதற்கு முதலில் யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எடைபோட்டு முடிவெடுக்கக்கூடிய ஒரு மனம், எடைபோடாமல் விட்டதைத்தான் அந்தச் சொல் குறை சொல்கிறது. ஸ்டுபிட்டின் லத்தீன் மூலத்துக்கு 'மரத்துப்போதல்', 'திகைத்து நிற்றல்' என்று பொருள். மருத்துவர்கள் உணர்விழந்த நிலையைக் குறிக்கப் பயன்படுத்தும் ஸ்டூப்பர் அதன் உடன்பிறப்பு. அங்கே மனம் வேலையே செய்யவில்லை. அதனால்தான் அந்தச் சொல் பிரிண்டருக்கும் பொருந்துகிறது.

புகையின் கேட்டை நோயாளிகளுக்கு நாள் முழுக்க விளக்கிவிட்டு, மாலையில் தானே சிகரெட்டைப் பற்றவைக்கும் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை ஃபூலிஷ் என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்டுபிட் என்று சொல்ல முடியாது, அவருக்கு எல்லாம் தெரியும். அறிவாளிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு முட்டாள்தனம் இருக்கிறது என்பதை ஆங்கிலம் இந்தச் சொல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறது. காதலிப்பவர்கள் தங்களை ஃபூல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதனால்தான். தெரிந்தேதான் விழுந்தேன் என்று அர்த்தம்.

ஃபூல் என்ற பெயர்ச்சொல்லின் கதை வேறு. லத்தீனில் அது கொல்லனின் துருத்தி, காற்றடைத்த பை. உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத தலை என்று ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அரசவையில் அதுவே ஒரு பதவியாகவும் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்த வில் சோமர்ஸ் ஃபூல் என்ற பெயரோடு சம்பளம் வாங்கியவர். மற்றவர் சொன்னால் தலை போகிற விஷயத்தை அவையின் ஃபூல் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. படத்தில் அப்படி ஒருவர் வந்தால் நான் விதூஷகன் என்றோ கோமாளி என்றோ போடுவேன், முட்டாள் என்று போட மாட்டேன்.

இங்கே இலக்கணமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. 'யூ ஆர் ஸ்டுபிட்' என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. 'யூ ஆர் பீயிங் ஸ்டுபிட்' என்றால் இப்போது, இந்த நேரத்தில் மட்டும். நடுவில் வரும் அந்த ஒரு பீயிங், எதிரில் இருப்பவர் திரும்பி வர ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. கணவன் மனைவி சண்டைக் காட்சிகளில் இதைக் கவனமாகக் கேட்பேன். நல்ல எழுத்தாளர்கள் சண்டை முற்றும் வரை பீயிங்கை விடாமல் வைத்திருந்து, உச்சத்தில் அதை உருவிவிடுவார்கள். அந்த இடத்தில் பார்ப்பவர் நெஞ்சில் சுருக்கென்று தைக்க வேண்டும். தமிழில் பீயிங்குக்கு என்ன செய்வது என்று பலர் திணறுகிறார்கள். நம்மிடம் 'மாதிரி' இருக்கிறது. "முட்டாள் மாதிரி பேசாதே" என்பதில் நீ முட்டாள் இல்லை என்பதும் சேர்ந்தே இருக்கிறது. சண்டை முற்றும்போது 'மாதிரி'யை எடுத்துவிட்டால் போதும், ஆங்கிலத்தில் விழுந்த அடி தமிழிலும் அப்படியே விழும்.

ஃபாலி கொஞ்சம் பெரிய மனிதர்களின் சொல். நிறைய பணமோ பல உயிர்களோ பணயம் வைக்கப்பட்டு, வேண்டாம் என்று சொன்னவர்களையும் மீறி நடந்தால் அது ஃபாலி. 1867-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்ட் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார். பனிக்கட்டியை வாங்கியிருக்கிறார் என்று சொல்லி அதற்கு 'சீவர்ட்ஸ் ஃபாலி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அங்கே தங்கம் கிடைத்தது, 1968-இல் பிரூடோ வளைகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. சீவர்ட் புத்திசாலி ஆகிவிட்டார், கேலிப்பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. ஃபாலி என்பது காலம் எழுத வேண்டிய தீர்ப்பு. அவசரப்பட்டு எழுதியவர்கள் அங்கே தோற்றார்கள்.

எந்தப் பயனும் இல்லாமல் அழகுக்காகவோ ஆசைக்காகவோ கட்டும் கட்டடத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபாலி என்றுதான் பெயர். இங்கிலாந்தின் ஃபாரிங்டன் ஊரில் பெர்னர்ஸ் பிரபு 1935-இல் கட்டி முடித்த கோபுரம் சுமார் 100 அடி உயரம். ஃபாலி டவர் என்றே அதை அழைக்கிறார்கள். இந்த ஃபாலியில் மட்டும் சிரிப்பும் பெருமையும் உண்டு.

அரசியல் ஃபாலிக்குத் தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 'பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்.' கேட்டைப் பிடித்துக்கொண்டு நன்மையைக் கைவிடுவது. நாடுகள் தங்களுக்கே கேடான கொள்கையை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும்போது ஆங்கில வரலாற்றாசிரியர்கள் ஃபாலி என்று எழுதுவது இதைத்தான். அதற்கு அடுத்த அதிகாரம் புல்லறிவாண்மை. அதில் வருகிற ஆள் வேறு. அவனுக்கு அறிவு குறைவு, ஆனால் நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்கிறான். இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வேண்டும் என்று நினைத்த அந்த மனசை நான் வணங்குகிறேன். ஆங்கிலத்தில் புல்லறிவாண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வருவது ஃபேச்சுவஸ். உள்ளே ஒன்றும் இல்லாமல், அந்த வெறுமையிலேயே திருப்தியாகப் புன்னகைக்கும் முட்டாள்தனம் அது.

இதுவரை சொன்ன சொற்களோடு எனக்கு விளையாட்டும் பிரியமும் உண்டு. அடுத்த மூன்றோடு கிடையாது. இடியட், இம்பெசைல், மோரன்.

இடியட் கிரேக்கத்தில் பொதுவிவகாரங்களில் சேராத தனியாள். அதிலிருந்து விவரம் தெரியாதவர், பிறகு புத்தி குறைந்தவர். இம்பெசைலின் லத்தீன் மூலத்துக்கு 'வலுவற்ற' என்று பொருள். மோரன் அப்படித் தானாக வளர்ந்த சொல் அல்ல, ஒருவர் உட்கார்ந்து உருவாக்கியது. 1905-இல் பாரிசில் ஆல்பிரெட் பினேயும் தியோடோர் சிமோனும், பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வைன்லேண்ட் என்ற ஊரின் பயிற்சிப் பள்ளியில் இருந்த உளவியலாளர் ஹென்றி காடர்ட் அதை எடுத்து வேறொன்றாக்கினார். மன வயது இரண்டு வரை இருந்தால் இடியட், மூன்று முதல் ஏழு என்றால் இம்பெசைல். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மந்தமானவர் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1910-இல் மோரனைச் செய்தார். பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. 1913-இல் வந்த மனக்குறைபாட்டுச் சட்டத்தில் இடியட், இம்பெசைல் இரண்டும் சட்டப் பிரிவுகளாகவே எழுதப்பட்டன. ஒருவரைப் பிடித்து விடுதியில் அடைக்க அந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

கேரி பக் என்ற பெண்ணின் கதையை நான் அடிக்கடி நினைப்பேன். வர்ஜீனியா மாநிலத்தில் வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் இருந்தவர். அந்தக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் பலாத்காரம் செய்ததால் கருவுற்றதாகப் பின்னாளில் சொன்னார். அவரைப் புத்தி குறைந்தவர் என்று சொல்லி, அவருடைய அம்மாவை ஏற்கெனவே அடைத்து வைத்திருந்த அதே விடுதிக்கு அனுப்பினார்கள். இனி அவருக்குக் குழந்தை பிறக்காதபடி கட்டாய அறுவை செய்யலாமா என்பது வழக்கு. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யலாம் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும் என்று எழுதினார். அம்மா, மகள், கைக்குழந்தையாக இருந்த பேத்தி மூவரையும் சேர்த்துத்தான். அந்த அக்டோபரிலேயே கேரிக்கு அறுவை நடந்தது. அந்தப் பேத்தி விவியன் பிறகு பள்ளியில் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். இருபதாம் நூற்றாண்டில் இப்படிக் கட்டாய அறுவைக்கு ஆளானவர்கள் அமெரிக்காவில் மட்டும் 60,000-க்கும் மேல். வர்ஜீனியாவின் ஆளுநர் 2002-இல் மன்னிப்புக் கேட்டார்.

பேச்சில் மோரன் இன்று மிகச் சாதாரணம். காரை வளைத்து ஓட்டுகிறவன் மோரன், காபியைக் கொட்டியவன் மோரன். பேசுகிறவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, அவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் என் கையால் எழுதும்போது 'மூளை வளராதவன்', 'மந்தபுத்தி' என்று போட எனக்கு மனம் வருவதில்லை. பாத்திரம் காயப்படுத்த வேண்டும் என்றே சொல்லும் இடத்தில் போடுவேன், எழுதியவருக்கு உண்மையாக இருக்க வேண்டுமே. மற்ற இடங்களில் 'அறிவு கெட்டவன்' போதும். அது செயலைப் பார்த்து வரும் கோபம், எந்தக் குழந்தையின் பிறப்பையும் அது தொடுவதில்லை.

க்ரெட்டின் என்ற வசைக்கும் ஒரு கதை உண்டு, அதைக் கேட்டபின் என்னால் அந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. தைராய்டு சுரக்காமல் உடலும் மூளையும் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகள் அங்கே நிறைய. அவர்களை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சுவழக்கில் 'கிறிஸ்தவர்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான் என்ற பரிவு அது. ஸ்விட்சர்லாந்து 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது, அந்தக் குறைபாடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. நோய் போய்விட்டது, பரிவும் போய்விட்டது, வசை மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்காவில் 'மென்டல் ரிட்டார்டேஷன்' என்ற சொல்லும் இதே வழியில்தான் போயிற்று. பழைய கொடுஞ்சொற்களுக்கு மாற்றாக மென்மையாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தது, பள்ளி மைதானத்தில் வசவாகிவிட்டது. 2010-இல் ரோசா சட்டம் என்ற பெயரில் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அதை நீக்கினார்கள். புதிய சொல்லுக்கும் ஒருநாள் இந்தக் கதி வரலாம். வந்தால் மறுபடி மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்குச் சலிப்பில்லை. டம்ப் பற்றியும் இதே நிலைதான் எனக்கு. வாய் பேச முடியாதவரைக் குறித்த சொல் அது. பேச வராததையும் அறிவில்லாததையும் ஒன்றாக்கிய கொடுமை அதற்குள் இருக்கிறது.

டன்ஸ் இதில் சேராது. 1308-இல் இறந்த ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்ற இறையியலாளர் அவர் காலத்தின் மிக நுட்பமான மூளைகளில் ஒன்று. இருநூறு ஆண்டுகள் கழித்துப் புதிய கல்வியை எதிர்த்த அவருடைய வழிவந்தவர்களைக் கேலி செய்ய அவர் ஊர்ப்பெயரையே மக்குக்குப் பெயராக்கிவிட்டார்கள். பாவம் அந்த மனிதர்.

ஆளை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் தாக்கும் சொற்களும் இருக்கின்றன. அவை எனக்கு நிம்மதி தருபவை. அப்சர்ட் லத்தீனில் சுருதி சேராதது, நம் அபஸ்வரம். கணிதத்தில் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது எங்கே போய் முரண்படுகிறது என்று காட்டித் தவறென்று நிறுவும் முறைக்கும் அந்தப் பெயர்தான். இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்று நிறுவுவது இந்த வழியில்தான். அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ப்ரிபாஸ்டரஸ் என்றால் பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது, தலைகீழ். ரிடிகுலஸ் சிரிப்புக்கு இடமானது. முன்னதில் எரிச்சல் அதிகம், பின்னதில் ஏளனம் அதிகம். 'அபத்தம்' என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் வைக்கலாம், பல படங்களில் அப்படித்தான் இருக்கிறது. ப்ரிபாஸ்டரஸுக்கு நான் 'தலைகால் புரியாத பேச்சு' என்றும், ரிடிகுலஸுக்கு 'கேட்டால் சிரிப்பார்கள்' என்றும் எழுதுகிறேன்.

அலுவலகக் காட்சிகளில் வருவது அன்வைஸ், இல்-அட்வைஸ்ட். பின்னதில் உள்ள நாகரிகத்தைப் பாருங்கள். உங்களுக்கு யாரோ தவறான யோசனை சொல்லிவிட்டார்கள் என்கிறது. பழி ஊர் பேர் தெரியாத ஓர் ஆலோசகரின் தலையில், எதிரில் இருப்பவர் மரியாதையோடு பின்வாங்கலாம். அந்த ஏணிக்காரத் தம்பி ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் குறித்த கெடு ஃபூலிஷ் என்று எழுதியிருந்தார். "ஸ்டுபிட்னு எழுதலையே அக்கா, மரியாதையாத்தானே இருக்கு?" என்று கேட்டார். மேலதிகாரியோ முன்பின் தெரியாதவரோ எடுத்த முடிவை ஃபூலிஷ் என்றால், உங்களுக்கு எடைபோடத் தெரியவில்லை என்று நேரே சொன்ன மாதிரி. அன்ரியலிஸ்டிக் என்று மாற்றினோம். ஆளும் தப்பித்தார், கெடுவும் பத்து நாள் தள்ளிப்போயிற்று.

டாஃப்ட் பிரிட்டிஷ் படங்களில் நிறைய வரும், வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் பேசினால் இன்னும் அதிகம். இதுவும் சில்லியைப் போல நல்ல இடத்தில் பிறந்தது. சாதுவான, மென்மையான என்பதுதான் ஆதிப்பொருள். கைத்திறனைச் சொல்லும் டெஃப்ட் அதே வேரில் பிறந்தது. சமீபத்தில் ஒரு காட்சி. வயதான கணவர் மனைவியின் பிறந்தநாளை நினைவு வைத்திருந்து, மழையில் நனைந்தபடி பூவோடு வந்து நிற்கிறார். அவள் கதவைத் திறந்து "யூ டாஃப்ட் ஓல்ட் மேன்" என்கிறாள். 'முட்டாள் கிழவா' என்று முதல் வரைவில் வந்திருந்தது. 'பைத்தியமே' என்று யோசித்தேன், அது இளம் காதலர்களின் கொஞ்சல். 'லூசு' இன்னும் சின்ன வயது. கடைசியில் 'அசடு, அசடு' என்று இரண்டு முறை எழுதினேன். நம்மூர்ப் பெண்மணிகள் கண்ணில் நீர் நிற்கச் சொல்லும் சொல் அது.

நைவ், கல்லிபிள் இரண்டும்தான் இன்னும் சண்டையில் இருக்கின்றன. நைவ் உலக அனுபவம் போதாதவர், காலம் போனால் சரியாகிவிடுவார். கல்லிபிள் எதைச் சொன்னாலும் நம்புகிறவர், அறுபது வயதிலும் மாற மாட்டார். தம்பி இரண்டுக்கும் 'வெகுளி' போடுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சங்கத்தமிழிலும் குறளிலும் வெகுளி என்றால் கோபம், வெகுளாமை என்று கோபம் கொள்ளாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அது எப்படியோ கபடமற்றவரைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. இவ்வளவு தூரம் நடந்து வந்த சொல்லை ஏமாளியோடு சேர்த்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கபடமற்றவரைச் சொல்ல ஒரு சொல் குறைந்துவிடும். அதனால் நைவுக்கு வெகுளி, கல்லிபிளுக்கு ஏமாளி என்று பிரித்துத்தான் நான் எழுதுகிறேன். ஏமாளி என்றால் ஏற்கெனவே ஏமாந்தவர் ஆகிவிடுகிறாரே, இன்னும் ஏமாறாத கல்லிபிளுக்கு என்ன செய்வது என்று தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. 'எதையும் நம்பிவிடுகிறவர்' என்று எழுதினால் வரி நீண்டுவிடுகிறது, அதற்குள் திரையில் ஆள் பேசி முடித்துவிடுகிறார். உங்களுக்குச் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.